பிள்ளை பெத்த உடம்பும் அது மேல விழுற பேச்சும்

நம்ம ஊர்ல குழந்தை பாக்க வர்றவங்க பழமும் ஹார்லிக்ஸும் வச்சுட்டு, அப்பா ஜாடையா அம்மா ஜாடையான்னு கொஞ்ச நேரம் பேசுவாங்க, அப்புறம் பேச்சு நேரா பெத்தவ உடம்புக்கு வந்துரும். "என்னடி இப்படி ஊதிட்ட", "கழுத்தெல்லாம் கறுத்துப் போச்சே", "வயித்த கட்டுறியா இல்லையா, இப்ப விட்டா தொங்கிரும்", இல்லன்னா அப்படியே எதிர்ப்பக்கம், "இப்படி இளைச்சுக் கிடக்கியே, புள்ளைக்கு பால் பத்துதா?" சொல்றது பெரியம்மா, அத்தை, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, அவங்க பிரசவத்துல அவங்களுக்கும் யாரோ இதையேதான் சொல்லிருப்பாங்க. ஆனா கேட்டுட்டு இருக்கறவ எந்த நிலைமைல இருக்கான்னு பாருங்க, தையல் இன்னும் ஆறல, ராத்திரி சேந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்கல, மார் கட்டிக்கிட்டு வலிக்குது, பால் ஊறுதா இல்லையான்னு பயம் வேற. அந்த நேரத்துல காதுல விழுற ஒரு வரி மத்த நாள்ல விழுற மாதிரி லேசா போயிராது. அது ஏன், அது எந்த வழியா மனசுக்குள்ள இறங்குது, எப்ப அது டாக்டர பாக்க வேண்டிய அளவுக்கு போகுதுங்கறத விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.

முதல்ல உடம்புல நிஜமா என்ன நடக்குதுன்னு பாத்துருவோம், ஏன்னா பாதி பேச்சு இது தெரியாததாலதான் வருது. குழந்தை பிறந்த அன்னைக்கு கர்ப்பப்பை மட்டுமே கிட்டத்தட்ட 1 கிலோ இருக்கும், தொப்புள் உயரத்துக்கு நிக்கும், அது பழையபடி 60, 70 கிராமுக்கு சுருங்க சுமார் 6 வாரம் ஆகும். அதனால டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர்றப்ப அஞ்சு மாச வயிறு மாதிரி தெரியறது தொப்பை கிடையாது. சரியான எடைல இருக்கற பொண்ணுக்கு கர்ப்பத்துல 11.5ல இருந்து 16 கிலோ வரைக்கும் ஏறலாம்ங்கறது 2009ல அமெரிக்காவுல வந்த வழிகாட்டுதல், பிரசவத்தன்னைக்கு குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடத் தண்ணி எல்லாம் சேந்து போறது ஏறக்குறைய 5, 6 கிலோதான். மீதில கொஞ்சம் உடம்புல தங்குன நீர், அது முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துல வேர்வையாவும் யூரினாவும் போகும், மிச்சம் இருக்கற கொழுப்புல ஒரு பங்கு பால் குடுக்கறதுக்குன்னே உடம்பு சேத்து வச்சது. அப்புறம் நடு வயித்துல ரெண்டு பக்கத்து தசையும் விலகி நிக்கும். நார்வேல முதல் பிரசவக்காரங்க 300 பேர தொடர்ந்து பாத்த ஆய்வுல, 6 வாரத்துல 60 சதவீதம் பேருக்கு இந்த விலகல் இருந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சு பாத்தப்பவும் மூணுல ஒருத்தருக்கு இருந்துச்சு. எடை குறைஞ்சும் வயிறு மட்டும் முன்னாடி தள்ளி இருக்குன்னு நிறைய பேர் அழுறதுக்கு காரணம் பல நேரம் இதுதான், பட்டினி கிடந்து இத சரி பண்ண முடியாது. தலைமுடியும் அப்படித்தான், கர்ப்பத்துல உதிராம நின்ன முடி எல்லாம் மூணாவது நாலாவது மாசத்துல கொத்து கொத்தா கொட்டும், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள தானா நின்னுரும், ஆனா குளிக்கற ரூம் ஜாலில அடைச்சு நிக்கற முடிய பாத்தா வழுக்கையே விழப்போகுதுன்னுதான் தோணும்.

ஒன்பது மாசம் மாசாமாசம் செக்கப் போறோம், ஸ்கேன் எடுக்கறோம், சுகர் பாக்கறோம், ஆனா இதுல ஒண்ண கூட டிஸ்சார்ஜ் அன்னைக்கு யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல. குழந்தைய எப்படி ஏப்பம் விட வைக்கணும்னு சொல்றாங்க, தையல்ல தண்ணி படக்கூடாதுன்னு சொல்றாங்க, அவ்ளோதான். இந்த ஒரு விஷயத்துல ஆஸ்பத்திரிகள் மேல எனக்கு நிஜமாவே கோவம் இருக்கு, பத்து நிமிஷ பேச்சு இது.

சிசேரியன் கணக்கையும் இங்க சேக்கணும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேபடி தமிழ்நாட்டுல நடக்கற பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன், நாட்டு சராசரி 21.5. அப்ப கிட்டத்தட்ட ரெண்டுல ஒரு அம்மா அடிவயித்துல ஒரு கோடோட வீட்டுக்கு வர்றா. அந்த தழும்புக்கு மேல சதை மடிஞ்சு திட்டு மாதிரி நிக்கலாம், சுத்தி மரத்துப் போயிருக்கும், இருமுனா இழுக்கும். இது பெரிய ஆபரேஷன், ஏழு அடுக்கு வெட்டித் தைக்கறதுன்னு சொல்லுவாங்க, ஆனா "நார்மலா, சிசேரியனா"ன்னு ஒரு கேள்வி, சிசேரியன்னு சொன்னதும் ஒரு "ச்சோ", அதுலயே அவ ஏதோ பரீட்சைல பெயில் ஆன மாதிரி ஆயிடறா.

இப்ப நம்ம வீட்டு வழக்கத்துக்கு வருவோம், இதுல நல்லதும் இருக்கு. தாய் வீட்டுக்கு கூட்டிட்டு போய், பச்ச உடம்புன்னு வேலை செய்ய விடாம, குழந்தைய குளிப்பாட்ட ஒரு பாட்டிய ஏற்பாடு பண்ணி, பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, சுறா புட்டு, நல்லெண்ணெய்னு கவனிக்கறாங்க பாருங்க, அந்த ஏற்பாடு பெரிய பாதுகாப்பு. பால் குடுக்கற அம்மாவுக்கு முதல் 6 மாசம் தினமும் 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐசிஎம்ஆரே (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்லுது, அந்த வகைல நம்ம பாட்டிங்க சொல்றது சரி. (தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்னு தண்ணிய அளந்து குடுக்கறது மட்டும் தப்பு, மலச்சிக்கல்லயும் யூரின் இன்ஃபெக்ஷன்லயும் கொண்டு விடும்.) வயித்துக்கட்டு பத்தியும் சொல்லிடறேன், பழைய காட்டன் சேலைலயோ கடை பெல்ட்லயோ மிதமா கட்டுனா நடக்கறப்ப பிடிப்பா இருக்கும், சிசேரியன் வலிக்கு கொஞ்சம் ஆறுதல், ஆனா அது கொழுப்ப கரைக்காது. மூச்சு முட்ட இறுக்குனா அழுத்தம் கீழ இறங்கி அடி இடுப்பு தசைய இன்னும் தளத்தும், ஏற்கனவே தும்முனா யூரின் கசியுதுன்னு வெளிய சொல்ல முடியாம இருக்கறவளுக்கு அது இன்னும் மோசமாகும்.

சிக்கல் எங்க வருதுன்னா, ரெண்டு மூணு மாசம் வரைக்கும் "சாப்புடு சாப்புடு, பால் ஊறணும்"னு சொன்ன அதே வாய், மாமியார் வீட்டுக்கு திரும்பி போற சமயம் வந்ததும் "கொஞ்சம் உடம்ப குறைக்க பாரேன்"னு மாறிடும். நடுவுல அவளுக்கு ஒண்ணுமே மாறல, இன்னும் பால் குடுத்துட்டுதான் இருக்கா, பசி அகோரமாதான் எடுக்குது, தூக்கம் இன்னும் வரல. மாறுனது விசேஷ தேதி. பேர் வைக்கணும், காது குத்தணும், சொந்தக்காரங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க.

எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்துல பாத்தேன். கல்யாணத்துக்கு தைச்ச பட்டு ப்ளவுஸ், உள்ள விட்டிருந்த தையல் எல்லாத்தையும் டெய்லர் பிரிச்சு குடுத்தும் கை ஏறல, மேல ரெண்டு கொக்கி மாட்டவே இல்ல, சேஃப்டி பின் குத்தி முந்தானைய இழுத்து சுத்திக்கிட்டு அந்த பொண்ணு மேடைக்கு வந்தா. பால் கசிஞ்சு ப்ளவுஸ் நனைஞ்சுருமோன்னு கைய மடிச்சு மார்ல வச்சுக்கிட்டே நின்னா. வீடியோகாரர் "மேடம் கொஞ்சம் சைடு திரும்புங்க, வயிறு தெரியுது"ன்னு மைக் வச்ச மாதிரி சத்தமா சொன்னார், வேலையா சொன்னார், வேற ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டார். முன்வரிசைல இருந்த ஒரு அத்தை "கல்யாணத்துல எப்படி இருந்தா, கொடி மாதிரி"ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னது மேடை வரைக்கும் கேட்டுச்சு. குழந்தைக்கு பால் குடுக்கணும்னு ரூமுக்குள்ள போனவ, பந்தி முடியற வரைக்கும் வெளிய வரல, பசிக்கலன்னு சொல்லிட்டா. பால் குடுக்கற பொண்ணுக்கு மத்தியான நேரத்துல பசிக்காம இருக்குமா? அந்த அத்தைதான் அதுக்கு முந்தின ரெண்டு மாசமும் ராத்திரி முழிச்சு இந்தக் குழந்தைய மடில போட்டு தூங்க வச்சவங்க.

இதுலதான் விஷயமே இருக்குன்னு நினைக்கறேன். தெருவுல போற ஒருத்தன் சொன்னா திரும்பி திட்டலாம், இல்ல கடந்து போயிரலாம். இங்க பேசறவங்களும் பாத்துக்கறவங்களும் ஒரே ஆளுங்க. அவங்க இல்லன்னா இவளுக்கு ஒரு மணி நேர தூக்கம் கிடையாது, வெந்நீர் கிடையாது, சூடா ஒரு வாய் சோறு கிடையாது. அதனால எதிர்த்து பேச முடியாது, முகத்த கூட சுளிக்க முடியாது, "இவ்ளோ பண்றாங்களே, இதுக்கு போய் வருத்தப்படறேனே"ன்னு தன் மேலயே குத்தம் கண்டுபிடிப்பா. வேலூர் பக்கத்து கிராமங்கள்ல நடந்து 2002ல வெளிவந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, கர்ப்ப காலத்துல இருந்தே பெண்கள தொடர்ந்து பாத்தாங்க, பிரசவத்துக்கு அப்புறம் புதுசா டிப்ரஷன் வந்தவங்க 11 சதவீதம். எதெல்லாம் ஆபத்த கூட்டுச்சுன்னு பாத்தா, குறைஞ்ச வருமானம், பையன் எதிர்பாத்து பொண்ணு பிறந்தது, கர்ப்பத்துல நடந்த வேற கஷ்டங்கள், கூட மாட உதவிக்கு ஆள் இல்லாதது, அதோட மாமியார்கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் உறவு சரியில்லாதது. உதவியும் உறவும் ரெண்டுமே அந்த லிஸ்ட்ல இருக்கு பாருங்க. உதவி பண்ற கையே உறவ கெடுத்துக்கிட்டா அவ எங்க போவா? இந்தியா முழுக்க வந்த 38 ஆய்வுகள சேத்து 2017ல உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்ல ஒரு கணக்கு வந்துச்சு, பிரசவத்துக்கு அப்புறமான டிப்ரஷன் 22 சதவீதம், தென் மாநிலங்கள்ல மட்டும் பாத்தா 26.

இத பேபி ப்ளூஸோட குழப்பிக்கக்கூடாது. பிரசவம் முடிஞ்ச சில நாள்லயே ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் மளமளன்னு இறங்கிரும், மூணாவது நாலாவது நாள் காரணமே இல்லாம அழுகை வரும், எரிச்சல் வரும், பாதிக்கு மேல பெண்களுக்கு இது வர்றதுதான், ரெண்டு வாரத்துல தானா அடங்கிரும். ரெண்டு வாரம் தாண்டியும் போகல, குழந்தைய பாத்தாலும் ஒண்ணும் தோணல, குழந்தை தூங்கறப்ப கூட தூக்கம் வரல, நான் இல்லன்னா இவங்க நல்லா இருப்பாங்கன்னு நினைப்பு வருது, இது எல்லாம் டிப்ரஷன்.

உடம்பு பத்தின வெறுப்பும் டிப்ரஷனும் ஒண்ணுக்கொண்ணு எண்ணெய் ஊத்திக்கும். பல நாட்டு ஆய்வுகள தொகுத்து பாத்தவங்க, தன் உடம்பு பிடிக்காம இருக்கறதுக்கும் பிரசவ கால மனச்சோர்வுக்கும் தொடர்பு திரும்பத் திரும்ப தெரியுதுன்னும், ஆனா அது மட்டுமே காரணம்னு சொல்ற அளவுக்கு பெருசு இல்லன்னும் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. நடைமுறைல எப்படி நடக்குதுன்னா, முதல்ல கண்ணாடி பாக்கறத விடுவா, அப்புறம் போட்டோவுக்கு நிக்க மாட்டா, அப்புறம் விசேஷத்துக்கு வரல, புள்ளைக்கு சளின்னு சொல்லிருவா, ஃபிரெண்ட்ஸ் வீடியோ கால் பண்ணா எடுக்க மாட்டா, புருஷன் பக்கத்துல வந்தா லைட்ட அணைக்க சொல்லுவா இல்ல திரும்பி படுத்துருவா. ஒவ்வொண்ணா பாத்தா சின்ன விஷயம். சேத்து பாத்தா, ஆறு மாசத்துல அவளும் குழந்தையும் ஒரு ரூமும்தான் மிச்சம், டிப்ரஷன் வளர்றதுக்கு தனிமைய விட வேற என்ன வேணும். இன்னொரு பக்கம் சிலர் காலைல வெறும் சீரகத் தண்ணி, ராத்திரி ஒண்ணும் இல்லைன்னு ஆரம்பிப்பாங்க, தலை சுத்தும், எரிச்சல் கூடும், கர்ப்பத்துக்கு முன்னாடியே சாப்பாட்டு விஷயத்துல தன்ன வருத்திக்கிட்ட பழக்கம் இருந்தவங்களுக்கு அது திரும்பி வர்றது இந்த சமயத்துலதான்.

ஃபோன் இத எங்க கொண்டு போயிருக்குன்னு சொல்லவே வேண்டாம். 2011 நவம்பர்ல ஐஸ்வர்யா ராய்க்கு பொண்ணு பிறந்துச்சு, அடுத்த மே மாசம் கேன்ஸ் பட விழாவுக்கு போனாங்க, அந்த இடைப்பட்ட காலத்துல அவங்க எடைய வச்சு வந்த கிண்டல் கொஞ்ச நஞ்சம் இல்ல, யானை சத்தம் சேத்து ஒரு வீடியோவே ஓடுச்சு. 2022 பிப்ரவரில கர்ப்பமா இருந்த காஜல் அகர்வால், உடம்ப வச்சு வர்ற கமெண்ட்டுகளும் மீம்களும் உதவாது, கொஞ்சம் கனிவா இருங்கன்னு இன்ஸ்டாகிராம்ல எழுத வேண்டியதா போச்சு. சமீரா ரெட்டி முதல் குழந்தைக்கு அப்புறம் எடை 100 கிலோவ தாண்டுனதையும், டிப்ரஷன்ல கிடந்ததையும் மூடி மறைக்காம பேசுனாங்க, நரை, தொப்பை எல்லாத்தையும் அப்படியே காட்டுனாங்க, அவங்க போஸ்ட்டுக்கு கீழ போய் பாத்தா "நான் மட்டும்தான்னு நினைச்சேன்"னு எத்தனை பேர். நடிகைகளுக்கு சமையல்காரரும் டிரெய்னரும் குழந்தைய பாத்துக்க ஆளும் இருந்தும் இந்த நிலைமைன்னா, ராத்திரி மூணு மணிக்கு ஒரு கைல குழந்தையும் ஒரு கைல ஃபோனும் வச்சு ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கறவ மனசு என்ன பாடுபடும். தேட ஆரம்பிச்சது "பால் சுரக்க என்ன சாப்புடணும்"னுதான், அடுத்த நாளே பெல்ட் விளம்பரம், உடம்பு இளைக்கற டீத்தூள் விளம்பரம், 40 நாள்ல பழைய உடம்புன்னு ஒரு அக்கா. வளைகாப்பு ஷூட், மெட்டர்னிட்டி ஷூட், குழந்தை பிறந்ததும் ஒரு ஷூட்னு இப்ப நடுத்தர வீட்டுலயும் வந்துருச்சு, முன்னாடி எல்லாம் இந்த மாசங்கள்ல யாரும் போட்டோவே எடுத்ததில்ல.

வீட்டுல இருக்கறவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொல்ல நம்ம பொண்ணுங்களுக்கு வாய் வராது, புள்ளைய பெத்து வச்சிருக்க உனக்கு என்ன குறைன்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். "என் உடம்பே எனக்கு பிடிக்கல", "நான் அசிங்கமா ஆயிட்டேன்"னு சொல்றது கொஞ்சம் சுலபம். அத கேக்கறவங்க அழகு பத்தின கவலைன்னு எடுத்துக்கிட்டு, ஒண்ணு சிரிப்பாங்க, இல்ல டயட் சார்ட் அனுப்புவாங்க. திரும்பத் திரும்ப ஒருத்தி இத சொன்னா, அடுத்து தூக்கம் எப்படி, அழுகை வருதா, குழந்தையோட இருக்க பிடிக்குதான்னு கேக்கணும். கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துருங்க. பிரசவத்துக்கு அப்புறம் நூத்துல 5ல இருந்து 10 பேருக்கு வரைக்கும் தைராய்டு சுரப்பி வீங்கி தடுமாறும், அதோட ரெண்டாவது கட்டத்துல உடம்பு ஊதும், முடி கொட்டும், எந்நேரமும் அசதி, மனசு மந்தமா இருக்கும், வெளிய இருந்து பாக்க டிப்ரஷன் மாதிரியே. ரத்தசோகையும் அப்படித்தான், தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்குன்னு முன்னாடி சொன்ன அதே தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது. சோம்பேறின்னு பேர் வாங்கின எத்தனையோ அம்மாக்களுக்கு ஹீமோகுளோபின் எட்டுல நிக்கும்.

மனச அளக்கறதுக்கும் ஒரு எளிய வழி இருக்கு. 1987ல ஸ்காட்லாந்துல உருவான எடின்பரோ அளவுகோல், பத்தே கேள்வி, போன 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் கேக்கும், சிரிக்க முடிஞ்சுதா, காரணம் இல்லாம பயம் வந்துச்சா, தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டீங்களான்னு போகும், கடைசி கேள்வி தன்னத்தானே காயப்படுத்திக்கற எண்ணம் பத்தி. தமிழ்லயும் இருக்கு, வேலூர்ல சோதிச்சு பாத்து சரின்னு உறுதி பண்ணிருக்காங்க. இதுல அசதி, பசி, எடை பத்தி கேள்வியே கிடையாது, வேணும்னேதான் விட்டாங்க, ஏன்னா அது எல்லாம் எந்த புது அம்மாவுக்கும் மாறி இருக்கும், அத வச்சு மனச முடிவு பண்ண முடியாது. நம்ம வீடுகள்ல நேர் தலைகீழ், எடைய மட்டும் பாத்துட்டு மத்தது எதையும் கேக்கறதில்ல.

டிப்ரஷன்னு தெரிஞ்சா வைத்தியம் இருக்கு. லேசா இருந்தா கவுன்சிலிங், தூங்க விடறது, குழந்தைய ராத்திரி ஒரு ஷிஃப்ட் புருஷன் பாத்துக்கறது இதுலயே நிறைய மாறும். மாத்திரை வேணும்னாலும் பால நிறுத்தணும்னு பயப்பட வேண்டியதில்ல, செர்ட்ரலின் மாதிரி பால்ல ரொம்ப கம்மியா போற மருந்துகள் இருக்கு, டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். காதுல குரல் கேக்குது, குழந்தைய பத்தி விபரீதமா பேசுறா, நாள் கணக்கா தூக்கமே இல்லன்னா அது வேற, ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற தீவிர நிலை, பேய் பிடிச்சிருக்குன்னு கோயிலுக்கு கூட்டிட்டு போகாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும். அட்மிட் பண்ணா குழந்தைய பிரிச்சிருவாங்களோன்னு பயந்தே பல குடும்பம் மறைக்குது. 2017ல வந்த மனநல பராமரிப்பு சட்டத்துலயே, மூணு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைய சாதாரணமா அம்மாகிட்ட இருந்து பிரிக்கக்கூடாதுன்னு இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரில அம்மாவையும் குழந்தையையும் சேத்து வச்சே வைத்தியம் பாக்கற தனி வார்டு 2009ல இருந்து நடக்குது. உடனே பேச ஆள் வேணும்னா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி ஃபோன் நம்பர் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

பிரசவத்துக்கு அப்புறம் அம்மா தனக்காக ஆஸ்பத்திரிக்கு போறது பெரும்பாலும் தையல் பாக்க ஒரு தடவை, அதோட சரி. ஆனா குழந்தைக்கு தடுப்பூசி போட 6வது வாரம், 10வது வாரம், 14வது வாரம்னு கண்டிப்பா வந்துருவா, நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல புதன்கிழமை புதன்கிழமை அந்த பெஞ்ச் நிறைஞ்சு இருக்கும். டிப்ரஷன் தலைகாட்டற வாரங்களும் இதேதான். குழந்தைய எடை போடுறாங்க, அட்டைல குறிக்கறாங்க, ஊசி போட்டு அரை மணி நேரம் உக்கார சொல்றாங்க. அந்த அரை மணில பத்து கேள்வி தாராளமா கேட்டுரலாம், கிராம சுகாதார செவிலியருக்கு அந்த வீடும் தெரியும், மாமியாரும் தெரியும். அவங்க கேக்கலன்னா கூட போறவங்க கேளுங்க, அம்மாவோ அக்காவோ புருஷனோ, "சிஸ்டர், இவ ரெண்டு வாரமா சரியா தூங்கல, அழுதுட்டே இருக்கா, இவளையும் கொஞ்சம் பாருங்க"ன்னு ஊசி போடுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, ஊசி போட்டதும் குழந்தை அழ ஆரம்பிச்சுரும், அப்புறம் எல்லாரும் குழந்தையதான் பாப்பாங்க.